நாலாவது கைப்பிடி

செங்கல்பட்டு
14.11.1999

அன்புள்ள அச்சுதனுக்கு,

இங்கே நானும் வீடும் சௌக்கியம். அங்கே நீங்களும் அந்த ஒற்றை அறையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும்.

பெயர் சொல்லி ஆரம்பிப்பது பற்றி உங்கள் அக்கா என்ன நினைப்பார் என்று தெரியும். ஒரே டிசைன் குழுவில் எதிரெதிர் மேஜையில் பதினெட்டு வருஷம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. கடிதத்தில் மட்டும் புதிதாக என்ன மரியாதை?

ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்திலிருந்து பேசும்போது நீங்கள் மீட்டரைப் பார்க்கிறீர்கள். நீங்கள் மீட்டரைப் பார்ப்பதை நான் நினைத்துக்கொள்கிறேன். பேச்சு நடப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு அனு ஹாஸ்டலிலிருந்து வந்து மூன்று நாள் இருந்தாள். "அப்பாவுக்கு லீவு கிடைக்கல" என்றேன். "பூனாவுல தீபாவளி இல்லியாம்மா?" என்றாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நீங்கள் போய் நாலு மாதத்தில் கட்டிலை மூன்று தரம் இடம் மாற்றிவிட்டேன். ஜன்னல் பக்கம் போட்டால் வெயில், சுவர் பக்கம் போட்டால் புழுக்கம். இப்போது பழைய இடத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் கொளவாய் ஏரிவரை நடக்கிறேன். பாதியில் ஏதோ மறந்ததுபோல் திரும்பி வருகிறேன். எதையும் மறந்திருப்பதில்லை.

ஆபீசில் உங்கள் நாற்காலியின்மேல் தேவசகாயம் டிராயிங் சுருள்களை அடுக்கி வைத்திருக்கிறார். "சார் வந்தா எடுத்துடறேன் மேடம்" என்கிறார். வெங்கடராகவன் சார் எனக்கு ஒரு புது வேலை கொடுத்திருக்கிறார். நம் குழு கோவளம் கரையில் வைத்ததே, மீன்பிடிப் படகுகளை வடம் கட்டி இழுத்துக் கரையேற்றும் வின்ச், அதை யாரும் உபயோகிப்பதில்லையாம். ஏன் என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தவள் நான்தானே.

ஒரு கேள்வி. பத்து நாள் அவகாசத்தில் ஒரு பம்ப் கம்பெனியைத் தேடிக்கொண்டு பூனா போனீர்கள். வேலைக்காக மட்டும்தான் போனீர்களா?

ரோகிணி

---

பூனா
28.11.1999

அன்புள்ள ரோகிணிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் படித்தேன். கட்டிலை இனி நகர்த்தாதே, தரையில் கோடு விழும்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மெஸ்ஸில் சாம்பார் என்று எதையோ ஊற்றுகிறார்கள், வெல்லம் போட்டு. முதல் நாள் பாயசம் என்று நினைத்துக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அனுவிடம் சொல், சிரிப்பாள்.

வேலை நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்துகிறார்கள். யார் குரல் பெரிதோ அவர் வடிவம் தேர்வாகிறது. நம் முறையைச் சொன்னேன். எல்லோரும் வாய் திறக்காமல் அரை மணி நேரம் தாளில் வரைய வேண்டும், பெயர் போடக் கூடாது, தாள்களைச் சுவரில் ஒட்டி, இப்போது வழக்கத்தில் இருக்கிற விதத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு ப்ளஸ், மைனஸ், அல்லது 'அதே' என்று போட வேண்டும், கடைசிவரை பேச்சு கிடையாது என்றேன். "அது டிசைனா, மௌன விரதமா?" என்று கேட்டார்கள்.

முக்கியமான விஷயம். மார்ச் 31-க்குள் நான் இங்கே நிரந்தரமாக இருக்கிறேனா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இருப்பதென்றால் குடும்பத்துக்கு வீடு தருவார்கள். இல்லையென்றால் திரும்ப வேண்டியதுதான். வெங்கடராகவன் சார் அங்கே என் இடத்தை அதுவரை நிரப்பமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நீ யோசித்துக்கொள். நானும் யோசிக்கிறேன்.

உன் கேள்விக்கு: வேலைக்காகத்தான்.

அச்சுதன்

---

செங்கல்பட்டு
19.12.1999

அன்புள்ள அச்சுதனுக்கு,

பாயசக் கதையை அனுவிடம் போனில் சொன்னேன். சிரித்தாள். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் ஒரு மீட்டிங் போடுங்கம்மா, மினிட்ஸை எனக்கு அனுப்பிடுங்க" என்றாள்.

நேற்று கோவளம் போனேன். திருப்போரூரில் பஸ் மாறி, பத்து மணிக்குக் கரையில் இருந்தேன். வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். அந்த வின்ச்சை வரைந்தபோதும் தேர்ந்தெடுத்தபோதும் நான் அந்தக் கரைக்குப் போனதே இல்லை. சர்வே அறிக்கையை வைத்தே எல்லாம் செய்தேன்.

வின்ச் உடையவில்லை. எஞ்சின் இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. வடத்தில் துரு இருந்தது, ஆனால் அறுந்திருக்கவில்லை. அதன்மேல் ஒரு வலையை விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். படகுக்காரர் சடையப்பனைக் கேட்டேன்.

"சூப்பரா இழுக்குது மேடம். ஒரே ஆளு போதும்."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க?"

"மத்தவங்கல்லாம் இன்னா பண்ணுவாங்க? நான் மெசின ஓட்டிகினு இருக்கேன், அவங்க சுத்தி ஒக்காந்து என்னியே பாத்துகினு கீறாங்க. வூட்டுக்குப் போனா என் பொண்டாட்டியும் அப்டியே பாக்குது. பேஜாரா பூடுச்சு."

பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த சந்திரம்மா என்கிற பெண்மணி நான் யாரென்று கேட்டார். அறுபது வயதிருக்கும், சிறுத்த உடம்பு. நான்தான் மெஷினை வரைந்தவள் என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? படிச்ச பொண்ணு மாரி கீற! படகுல கை வச்சா ஒரு கை மீனு. இது எங்க ஊரு வழக்கம். நான் தள்றதுல படகு நவுருமா? நவுராது. ஆனா கை வச்சேன் இல்ல? மீனு குடுத்துத்தான் ஆவணும். உன் மெசினு வந்துச்சு, எங்க கைய எங்க வைக்கிறது, சொல்லு."

அங்கேயே விசாரித்தேன். புருஷனை இழந்தவர்கள், வயதானவர்கள், கடலுக்குப் போக முடியாதவர்கள் என்று ஒரு படகுக்கு எட்டுப் பத்துப் பேர் கை வைக்கிறார்கள். அந்தக் கைப்பிடி மீனில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நம் அட்டவணையில் ஒரு வரி இருந்தது, நினைவிருக்கிறதா? 'தேவைப்படும் ஆட்கள்: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.' அந்த வரி என் கையெழுத்து.

திரும்பும் வழியில் தையூரில் காரணமில்லாமல் இறங்கிவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன்.

ரோகிணி

---

பூனா
9.1.2000

அன்புள்ள ரோகிணிக்கு,

புது வருஷ வாழ்த்து. கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்றார்கள். எங்கள் ஆபீசில் நின்றது காபி மெஷின் மட்டும்தான்.

கோவளம் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் நெருங்குகிறது. போனில் நாம் உருப்படியாக எதுவும் பேசுவதில்லை. நமக்குத் தெரிந்த முறையிலேயே செய்துவிடலாம் என்று ஒரு தாள் இணைத்திருக்கிறேன். நாலு வழிகள்: (1) நீ பூனா வருவது, (2) நான் செங்கல்பட்டு திரும்புவது, (3) இப்படியே இருப்பது, (4) பிரிந்துவிடுவது. நாலாவதை எழுதப் பேனா வரவில்லை, ஆனால் ஒரு வழியை முன்கூட்டியே விலக்கக் கூடாது என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். ஒப்பீட்டுக்கு மூன்றாவதை வைத்திருக்கிறேன். இடது பக்கம் ஆறு வரிகள்: அனு, உன் வேலை, என் வேலை, உடம்பு, மன நிம்மதி, வயதான காலம்.

நீ தனியாகப் போடு. நான் தனியாகப் போடுகிறேன். பிறகு கூட்டிப் பார்க்கலாம்.

அச்சுதன்

---

செங்கல்பட்டு
30.1.2000

அன்புள்ள அச்சுதனுக்கு,

உங்கள் தாள் இரண்டு வாரத்துக்கு மேலாகச் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. அதன்மேல் குழம்பு சிந்திவிட்டது. 'மன நிம்மதி' என்ற வரி மஞ்சளாகிவிட்டது. நான் எதுவும் போடவில்லை. போடுவதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். பதின்மூன்று மாதமாகத் தொண்டையில் இருக்கிறது.

படகுத் தேர்வு நடந்த அன்று சுவரில் ஆளுக்கு இரண்டாகப் பன்னிரண்டு தாள்கள் இருந்தன. கடைசியில் நின்றவை இரண்டு. நாலாம் தாள், வின்ச். ஏழாம் தாள், தள்ளுவண்டி: டிராக்டர் டியூபில் செய்த இரண்டு பருத்த சக்கரங்கள், படகின் வயிற்றுக்கடியில் ஒரு சட்டம், நாலு கைப்பிடிகள். பெயர் இல்லை. ஆனால் ஏழாம் தாள் யாருடையது என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த இயந்திரத்தை வரைந்தாலும் அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஆள் வரைகிறவர் நம் குழுவில் ஒருவர்தான். ஏழாம் தாளில் நாலு ஆட்கள் இருந்தார்கள். நாலாவது ஆளுக்குக் கொண்டை.

அந்தக் கொண்டையைப் பார்த்ததும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்னை வரைந்திருக்கிறீர்கள், எனக்கு அடையாளம் காட்டுகிறீர்கள், சலுகை கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். முறையைக் கொண்டுவந்தவள் நான். கணவனுக்குச் சாய்ந்தாள் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது. பழுது பார்ப்பது, உப்புக்காற்றைத் தாங்குவது, இரண்டு வரியிலும் உங்கள் வண்டிக்கு ப்ளஸ்தான் போட்டிருக்க வேண்டும். இரண்டிலும் மைனஸ் போட்டேன். ப்ளஸ் மைனஸாக மாறினால் வரிக்கு இரண்டு, ஆக நாலு புள்ளி. வின்ச் ஜெயித்தது மூன்று புள்ளியில்.

நேர்மையாக இருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள நேர்மையில்லாமல் நடந்தேன். எனக்கு இதை விடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

இதைத் தெரிந்துகொண்டுதான் போனீர்களா?

ரோகிணி

---

பூனா
20.2.2000

அன்புள்ள ரோகிணிக்கு,

வேலைக்காகத்தான் என்று எழுதியது பொய்.

நீ மைனஸ் போட்டது எனக்குத் தெரியும். ஆறு பேர் மார்க்கையும் அன்று தேவசகாயம் வாசிக்க, கூட்டி எழுதியது நான். ஒரு தாளில் மட்டும் அந்த இரண்டு வரியிலும் மைனஸ். வேறு யாராக இருக்க முடியும்?

ஆனால் கோபித்துக்கொண்டு நான் போகவில்லை. வின்ச் வரைந்தது நீ என்று எனக்கும் தெரியும். அம்புக்குறியின் தலையைக் கருப்பாக நிரப்புகிற ஆள் நம் குழுவில் நீ ஒருத்திதான். உப்புக்காற்றில் எஞ்சினுக்கு ப்ளஸ் போட எந்தப் பைத்தியக்காரனாவது துணிவானா? நான் போட்டேன். மைனஸ் போட வேண்டிய இடத்தில். இரண்டு புள்ளி. நீ ஜெயிக்க வேண்டும் என்று. நம் இருவர் பொய்யையும் எடுத்துவிட்டால் வண்டி மூன்று புள்ளியில் ஜெயித்திருக்கும். அன்றே ஆபீஸ் கூடத்தில் நின்றபடி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

நான் உனக்காகப் பொய் சொன்னேன், நீ எனக்கெதிராகப் பொய் சொன்னாய் என்று என் மனம் தராசு பிடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் நீ காபி வைத்தால்கூட, அது பிரியமா, ஈடுகட்டலா என்று பார்த்தேன். அப்படி ஒரு ஆளாக அந்த வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. அந்தக் கொண்டை நீ இல்லை. அது சந்திரம்மா. கூட்டத்துக்கு முந்தின வாரம், உன்னிடம் சொல்லாமல், கோவளம் போயிருந்தேன். ஒரு கை மீன் விஷயம் எனக்குத் தெரியும். "நாலு பேராவது கை வைக்கிற மாரி பண்ணு நைனா" என்று அவர்தான் சொன்னார். அதைத்தான் வரைந்தேன். விளக்கம் எழுத இடமில்லை, பேசக் கூடாது என்று விதி. முடிந்த பிறகு சொல்லியிருக்கலாம். மனைவியின் தாள் ஜெயித்ததும் தோற்ற புருஷன் எழுந்து நின்று ஆட்சேபணை சொல்வதா என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த மரியாதையால் கோவளத்தில் எத்தனை பேருக்கு மீன் இல்லாமல் போயிற்று, பார்.

மார்ச் 31-க்கு என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. என் தாளும் காலியாகத்தான் இருக்கிறது.

அச்சுதன்

---

செங்கல்பட்டு
8.3.2000

அன்புள்ள அச்சுதனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் வெங்கடராகவன் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பொய்யை மட்டும். உங்களுடையது உங்களிடமே இருக்கட்டும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்குத்தாம்மா நான் வீட்ல ஆபீஸ் பேச்சே பேசறதில்ல" என்றார். பிறகு, "வண்டியைச் செஞ்சு பாத்துடு" என்றார்.

செய்துகொண்டிருக்கிறோம். சட்டம் முடிந்துவிட்டது. டியூபுக்காகக் கருங்குழியில் ஒரு டிராக்டர் ஒர்க்ஷாப்பில் நானும் தேவசகாயமும் ஒரு பகல் முழுவதும் காத்துக்கிடந்தோம். உங்கள் அளவில் ஒரு தவறு இருந்தது. பின் கைப்பிடிகள் ஆறு அங்குலம் அதிக உயரம். சந்திரம்மாவை வரைந்தீர்களே, அவர் தோள் உயரத்தைக் கேட்டீர்களா? நான் போய் அளந்து வந்தேன். "இன்னாம்மா, ரவிக்கை தெக்கப் போறியா?" என்று கேட்டார்.

வரும் 25-ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கோவளத்தில் முதல் சோதனை. சடையப்பனின் படகு. கைப்பிடிகள் நாலு. தேவசகாயம், சடையப்பன், நான். மூன்று பேர் இருக்கிறோம்.

நாலாவது ஆளாக நான் யாரையும் சொல்லி வைக்கவில்லை.

ரோகிணி

---

செங்கல்பட்டு
27.3.2000

அன்புள்ள அச்சுதனுக்கு,

சனிக்கிழமை நீங்கள் வரவில்லை.

எட்டேகாலுக்கு ஒரு பஸ் வந்தது. எட்டே முக்காலுக்கு ஒன்று. இறங்கியவர்களை எண்ணினேன். ஒன்பதே காலுக்கு இன்னொன்று வந்தது. "மேடம், வெயில் ஏறுது" என்று தேவசகாயம் கூப்பிட வந்தார். இன்னும் ஒரு பஸ் பார்க்கலாம் என்றேன். அவரும் பக்கத்தில் நின்றார்.

நாலாவது கைப்பிடியைச் சந்திரம்மா பிடித்தார். "இன்னா எல்லாம் பாத்துகினு நிக்கிறீங்க, தள்ளுங்க" என்று சத்தம் போட்டார். மணலில் சக்கரம் முதலில் புதைந்தது. காற்றைக் கொஞ்சம் இறக்கினோம். பிறகு நகர்ந்தது. நாங்கள் தள்ளத் தள்ள, கைப்பிடி கிடைக்காதவர்கள் எல்லாம் படகின் ஓரத்தில் கை வைத்துக்கொண்டு கூடவே வந்தார்கள். பதினோரு பேர். நம் அட்டவணைப்படி படு தோல்வி. சடையப்பன் எல்லோருக்கும் மீன் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நாம் மீன் சாப்பிடாதவர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சந்திரம்மா முறைத்தார். முந்தானையில் வாங்கிக்கொண்டேன். பஸ் ஏறுமுன் அதை அவரே வாங்கித் தம் கூடையில் போட்டுக்கொண்டார், சிரித்துக்கொண்டே.

பஸ்ஸில் உட்கார்ந்து உங்களுக்கு மைனஸ் போட்டுக்கொண்டே வந்தேன். கடிதம் கிடைத்திருக்கும், வரவில்லை: மைனஸ். போன்கூடச் செய்யவில்லை: மைனஸ். திருப்போரூர் வரும்போதுதான் உறைத்தது. 'நாலாவது ஆளாக யாரையும் சொல்லி வைக்கவில்லை' என்று எழுதினேனே தவிர, வாருங்கள் என்று எழுதவில்லை. ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, பேசாமல் நின்று, நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்று பார்த்திருக்கிறேன். மறுபடியும் அதே முறை. பஸ் நிறுத்தத்தில் நின்றபடி உங்களைப் பரீட்சித்திருக்கிறேன். நீங்கள் பூனா போனதும் அதே மாதிரி ஒரு தாள்தான் என்று இப்போது தோன்றுகிறது. நான் வருகிறேனா என்று பார்க்க.

உங்களுக்கு லீவு கிடைக்கவில்லையோ, மனம் வரவில்லையோ, கடிதமே வந்து சேரவில்லையோ. ஊகிக்கப் போவதில்லை. கேட்கப் போகிறேன்.

பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை மறுநாள், புதன்கிழமை, ரயில். வியாழன் காலை பூனா. முப்பதாம் தேதி. நீங்கள் எழுதிக் கொடுக்க அப்போதும் ஒரு நாள் பாக்கி இருக்கும். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேருமா என்று தெரியாததால் கூரியரில் அனுப்புகிறேன். அதுவும் வராவிட்டால் கதவைத் தட்டுவது நான்தான், பயப்பட வேண்டாம். ஸ்டேஷனுக்கு வாருங்கள். 'முடிந்தால்' என்று எழுதி அடித்துவிட்டேன், பாருங்கள். வாருங்கள்.

அனுவிடம் சொன்னேன். "மினிட்ஸ்?" என்றாள். மினிட்ஸ் எழுத முடியாத அளவுக்குப் பேசப் போகிறோம் என்றேன்.

குழம்பு சிந்திய தாளைக் கொண்டு வருகிறேன். இன்னும் காலிதான். மூன்றாவது வழியை மட்டும் அடித்துவிட்டேன், 'இப்படியே இருப்பது'. அதை ஒப்பீட்டுக்கு வைத்தால் மற்றவற்றைத்தான் அதோடு அளப்போம், அதற்கு மைனஸ் விழவே விழாது என்பது இத்தனை வருஷம் இந்த முறையைச் சொல்லிக்கொடுத்த எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மற்ற மூன்றும் இருக்கின்றன. நாலாவதும் இருக்கிறது. அதை நான் அடிக்கவில்லை, நீங்களும் அடிக்க வேண்டாம். அதைப் பற்றியும் பேசுவோம்.

பென்சில் ஒன்று எடுத்துவையுங்கள். ஒன்று போதும். இந்தத் தடவை பேசிக்கொண்டே போடுவோம்.

ரோகிணி